பட்டன், கடிகாரம், பக்கத்து வீட்டுச் சாவி

தனியே வசிக்கும் முதியவர்களுக்கான அபாய பட்டனை இப்போது போனிலேயே ஆர்டர் போட்டுவிடலாம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு, நடுவில் சிவப்பு பட்டன், உள்ளே ஒரு சிம். அழுத்தினால் பிள்ளைகளின் போன் அடிக்கும். துபாயிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகள் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு எதை வாங்கலாம் என்று விசாரிக்கும்போது விலையையும் பேட்டரியையும் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அவர்களுக்கு அது பிறந்த கதையைச் சொல்கிறேன். பிறந்தபோது அந்தக் கருவிக்கு மூன்று பாகங்கள் இருந்தன. இன்று பார்சலில் வந்து சேர்வது அதில் ஒன்று மட்டும்தான்.

1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிப்னர் என்ற உளவியலாளர் முதுமையைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வீடு தொலைபேசி வந்துவிட்ட நாடு அது. ஆனாலும் தனியாக வாழும் ஒரு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தால், கூடத்தில் இருக்கும் தொலைபேசி அவருக்கு எட்டாது. எட்டாத தொலைபேசியை எட்டவைப்பது எப்படி என்பதுதான் டிப்னர் எடுத்துக்கொண்ட வேலை. மனைவி சூசனோடு சேர்ந்து 1974-இல் லைஃப்லைன் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதே பத்தாண்டில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹோர்மன் என்பவரும் இதே கவலையில் இறங்கி, வீட்டிலிருந்து உதவி கேட்கும் முறை ஒன்றை உருவாக்கினார்.

லைஃப்லைன் கருவி தொலைபேசியோடு இணைத்த ஒரு பெட்டி. பாட்டியிடம் கம்பியில்லாத சின்ன பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் பெட்டி தானே எண்ணைச் சுழற்றி, ஊரில் உள்ள மருத்துவமனையின் அழைப்பு மையத்துக்குத் தகவல் சொல்லும். இது முதல் பாகம்.

இரண்டாவது பாகம் ஆள். மையத்தில் இருப்பவர் உடனே அந்த வீட்டுக்குத் திருப்பி அழைப்பார். பதில் இல்லையென்றால், முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரையோ உறவினரையோ கூப்பிடுவார். வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் ஏற்கெனவே இருக்கும். அவர் போய்க் கதவைத் திறந்து, பாட்டியைப் பார்த்து, பெட்டியில் உள்ள விசையை அழுத்த வேண்டும். ஆள் வந்து சேர்ந்துவிட்டார் என்பது மையத்துக்கு அப்போதுதான் தெரியும். குறித்த நேரத்துக்குள் அந்தச் சமிக்ஞை வராவிட்டால் மையம் அடுத்த ஆளைத் தேடும். இந்த ஏற்பாட்டை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. தகவல் போனதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஒரு மனிதர் அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே போகும்வரை அந்த அழைப்பு முடியாது.

மூன்றாவது பாகம் கடிகாரம். பெட்டிக்குள் 12 மணி நேரமோ 24 மணி நேரமோ ஓடும் ஒரு கணக்கு. பாட்டி தொலைபேசியை எடுத்துப் பேசினால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். அந்த நேரம் முழுவதும் யாரும் தொலைபேசியைத் தொடவில்லை, கடிகாரத்தையும் திருப்பிவைக்கவில்லை என்றால், யாரும் அழுத்தாமலே பெட்டி மையத்தை அழைக்கும். மயங்கிக் கிடப்பவரால், பக்கவாதம் வந்து கை வராமல் போனவரால் பட்டனை அழுத்த முடியாது. அவருக்காகப் பேசுவது அந்த வீட்டின் மௌனம்தான்.

விழுவதைக் காட்டிலும் விழுந்த இடத்திலேயே கிடப்பது ஆபத்தானது என்பதை மருத்துவ உலகம் எண்களோடு பார்த்தது 1981-இல். பெர்னார்ட் ஐசக்ஸ் உள்ளிட்ட பிரிட்டிஷ் ஆய்வாளர்கள், வீட்டில் விழுந்த முதியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தவர்களில் பாதிப் பேர் 6 மாதங்களுக்குள் இறந்துபோயிருந்தார்கள். பெரிய அடி எதுவும் படாதவர்களும் அதில் உண்டு. நீண்ட நேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் தசை நசுங்கிச் சிதைகிறது, அதன் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. உடலில் நீர் வற்றுகிறது, தோல் புண்ணாகிறது.

1980-களின் இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் லைஃப்கால் என்ற நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. விழுந்து கிடக்கும் மூதாட்டி, கழுத்தில் தொங்கும் பட்டனை அழுத்தி, விழுந்துவிட்டேன், எழ முடியவில்லை என்று சொல்வார். அந்த வசனத்தை நாடே கிண்டலாகச் சொல்லித் திரிந்தது. ஆனால் கருவி என்றால் பட்டன் என்ற எண்ணத்தை உலகத்தின் மனத்தில் பதித்ததும் அதுதான். சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரும் பெட்டிக்குள் ஓடிய கடிகாரமும் அந்தப் படத்தில் இல்லை.

பட்டனை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை கேம்பிரிட்ஜில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. 90 வயதைத் தாண்டியவர்களைப் பற்றியது. அபாய அழைப்புக் கருவி பலரிடம் இருந்தது. ஆனால் விழுந்து நெடுநேரம் தரையில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் பயன்படுத்தவே இல்லை. சிலர் அணிந்திருக்கவில்லை, சிலர் அணிந்திருந்தும் அழுத்தவில்லை. யாரையும் சிரமப்படுத்தக் கூடாது என்ற குணம் இங்கிலாந்துப் பாட்டிகளுக்கும் இருக்கிறது. "எதுக்குப் புள்ளைங்களத் தொந்தரவு பண்ணணும், செத்த நேரத்துல தானா எந்திரிச்சிருவேன்" என்று தரையில் கிடந்தபடியே நினைக்கும் நம் ஊர்க் கிழவிகளை இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கடிகாரத்தின் வழியைப் பிடித்துக்கொண்டவர்கள் ஜப்பானியர்கள். 1996-இல் டோக்கியோவின் இக்கெபுகுரோ பகுதியில் வயதான தாயும் நோயாளி மகனும் வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்ததை அக்கம்பக்கம் நாள்கள் கழித்தே அறிந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து பிறந்த முயற்சிகளில் ஒன்று, சோஜிருஷி நிறுவனம் 2001-இல் கொண்டுவந்த வெந்நீர்க் கெட்டில். ஜப்பானிய முதியவர் நாள் முழுவதும் தேநீர் குடிப்பவர். அவர் கெட்டிலைத் தொடும்போதெல்லாம் பதிவாகும். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அது மின்னஞ்சலாகப் போகும். முதியவர் எதையும் அணிய வேண்டாம், அழுத்த வேண்டாம், தேநீர் குடித்தால் போதும். நம் ஊரில் விடிந்து வெகு நேரமாகியும் வாசல் தெளிக்காமல் கிடந்தால் எதிர் வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டுவாள் அல்லவா, அந்த அறிவுக்கு ஜப்பான் ஒரு மின்கம்பியை இணைத்தது.

இந்தியாவில் கதை வேறு வாசலில் நுழைந்தது. 2012 டெல்லி பாலியல் கொடூரத்துக்குப் பிறகு பெண்களின் பாதுகாப்பை மனத்தில் வைத்து 2016-இல் மத்திய அரசு ஒரு விதி போட்டது. 2017 ஜனவரி முதல் விற்கும் எல்லாக் கைபேசியிலும் அபாய பட்டன் இருக்க வேண்டும். சாதாரண பட்டன் போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடித்தால் உதவி அழைப்பு போக வேண்டும் என்பது அந்த விதி. வாங்கிக் கொடுத்த போனிலேயே இப்படி ஒரு வசதி இருக்கிறதா என்று பார்க்காத பிள்ளைகள்தான் நம்மில் அதிகம். மையமும் நம்மிடம் இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிறது. 112 இருக்கிறது. முதியோருக்கென்றே 14567 என்ற உதவி எண் 2021-லிருந்து இருக்கிறது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறந்தாகிவிட்டது. இல்லாதது அந்த இரண்டாவது பாகம்: அந்த வீட்டின் சாவியோடு ஓடிவரும் ஆளின் பெயர். அதை எந்த நிறுவனமும் பார்சலில் வைத்து அனுப்பாது.

எங்கள் பெரியம்மா குன்னம் வட்டத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். மூத்தவன் சிங்கப்பூரில், இளையவன் சென்னையில். எழுபத்தெட்டு வயது, ஒரு மாடு, வீட்டுக்குப் பின்னால் கொல்லை. பிள்ளைகள் அனுப்பிய கருவியைக் கழுத்தில் மாட்டிவிட்டபோது, "மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி இருக்குடா தம்பி" என்றார். நாங்கள் கயிற்றைக் கழற்றிவிட்டோம். இடுப்பில் செருகும் சுருக்குப்பை எப்போதும் அவரோடு இருப்பது, அதனால் பட்டன் அதற்குள் போனது. குளிக்கும்போது சுருக்குப்பை வெளியே இருக்கும் என்பதால், தண்ணீர் பட்டாலும் கெடாத இன்னொரு பட்டனைக் குளியலறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒட்டினோம். நின்றுகொண்டு எட்டும் உயரத்தில் வைப்பதால் பயனில்லை. விழுந்து கிடக்கும் கை எட்ட வேண்டும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவற்றில் முதலாவது சிம். விலை குறைந்த கருவிகள் பலவும் 2ஜி-யில் மட்டும் இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. வீட்டுக்குள் எந்த நெட்வொர்க் எடுக்கிறது என்பதை அடுக்களையிலும் கொல்லையிலும் போனைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த சிம்முக்கும் ரீசார்ஜ் உண்டு. யாரும் பேசாத எண் என்பதால் எல்லோரும் மறப்பது அதைத்தான். பிள்ளைகளில் ஒருவர் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். மின்சாரத்தையும் யோசியுங்கள். பழைய தரைவழித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்ததால், வீட்டில் கரண்ட் போனாலும் அது வேலை செய்தது. அந்தக் கம்பியிலிருந்து இணையவழிக்கு மாற்றும் அவசரத்தில் முதியவர்களின் அபாயக் கருவிகள் செயலிழந்ததால், 2023 டிசம்பரில் பிரிட்டனிலேயே கட்டாய மாற்றத்தை நிறுத்திவைக்க வேண்டிவந்தது. நம் கருவிக்கு வாரத்தில் எந்த நாள் சார்ஜ் என்பதை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

அடுத்தது எண்களின் வரிசை. பாசத்தின் வரிசைப்படி பெரும்பாலோர் மூத்த மகன் எண்ணை முதலில் போடுகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் என்ன செய்வான்? அங்கிருந்து 108-ஐ நேரடியாக அழைக்கவும் முடியாது. ஐந்து நிமிடத்தில் வந்து கதவைத் திறக்கக்கூடியவர் எண்தான் முதலில் இருக்க வேண்டும். பெரியம்மாவுக்கு அது எதிர் வீட்டு மருமகள், அடுத்து மூன்றாம் தெருவில் இருக்கும் சித்தப்பா மகன், பிறகு சென்னை, கடைசியாக சிங்கப்பூர். எதிர் வீட்டில் மாற்றுச் சாவி ஒன்று ஆணியில் தொங்குகிறது. உள்தாழ்ப்பாள் போட்டால் சாவி இருந்தும் பயனில்லை என்பதால், இரவில் பூட்டு மட்டும் என்று பெரியம்மாவைச் சம்மதிக்கவைக்க வேண்டியிருந்தது. பட்டனை விட அதற்குத்தான் அதிக நேரம் பேசினோம். 108-க்கு வழி சொல்ல ஊர், தெரு, எந்தக் கோயிலுக்கு எதிரே என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி, எதிர் வீட்டிலும் ஒட்டிவைத்தோம். பதற்றத்தில் சொந்தத் தெருவின் பெயரே நாக்கில் வராது.

கடிகாரத்தைப் பெரியம்மாவின் மாடே கொடுத்தது. காலையில் அவர் பால் சொசைட்டிக்குக் கேனோடு போவார். ஏழு மணிக்குள் ஆள் வரவில்லையென்றால் அங்கே பால் அளப்பவர் எதிர் வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டும் என்று சொல்லிவைத்தோம். அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். எந்தக் கெட்டிலும் தேவைப்படவில்லை. ஆனால் மாடு சினையாகிக் கறவை நின்றுவிட்டால் அந்தக் கடிகாரமும் நின்றுவிடும். அந்த மாதங்களில் காலை ஆறரைக்குப் பெரியம்மா சிங்கப்பூருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார். அங்கே அப்போது மணி ஒன்பது. ஒன்பதரைக்குள் வராவிட்டால் மகன் எதிர் வீட்டுக்கு அழைக்கிறான்.