வகுப்பறை வாயிலில் அரசியல் தலைவர்

பொதுக்கூட்டத்தில் தலைவர் ஒருவர் பேசும்போது அதனைக் கேட்போர் தாமாகவே வந்து கூடியவராவர். பேச்சுப் பிடித்தாற் கைதட்டுவர். பிடியாவிட்டால் எழுந்து வீடு செல்வர். தேர்தல் வரும்போது தம் தீர்ப்பை வாக்குச்சீட்டினால் அறிவிப்பர். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கோ இவற்றுள் ஒன்றேனும் இயலாது. எழுந்து செல்ல அனுமதியில்லை, மறுத்துரைக்கத் துணிவில்லை, வாக்குரிமையும் இல்லை. அத்தகைய பிள்ளையின் முன்னே நாட்டின் தலைவர் நின்று பேசலாமா? பல நாடுகளில் பல காலங்களில் எழுந்த வினா இது. இதற்கு விடை காண்பதற்குப் பிரான்சு தேசத்தின் வரலாறும் ஐக்கிய அமெரிக்காவின் வரலாறும் பெரிதும் துணை செய்வனவாம்.

பிரான்சிலே 1881ஆம் ஆண்டுச் சட்டம் ஆரம்பக் கல்வியை இலவசமாக்கியது. 1882ஆம் ஆண்டு மார்ச்சு மாதச் சட்டம் ஆறு வயது முதற் பதின்மூன்று வயது வரை கல்வியைக் கட்டாயமாக்கியது. அரசாங்கப் பாடசாலையிற் சமய போதனை நடைபெற்ற இடத்தில் ஒழுக்கக் கல்வியையும் குடிமைக் கல்வியையும் அமைத்தது. இச்சீர்திருத்தங்களின் தலைவர் ஜூல் பெரி என்னும் அமைச்சர். உழவனாயினும் தொழிலாளியாயினும், கத்தோலிக்கனாயினும் சமயப்பற்றற்றவனாயினும், தன் பிள்ளையை ஏழாண்டுகள் கல்விக்கு விடுதல் வேண்டும் என்று அரசு ஆணையிட்டுவிட்டது. அவ்வாறு ஆணையிட்ட அரசு அப்பிள்ளைக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்னும் கேள்வி உடனே எழுந்தது.

அதற்கான விடையை ஜூல் பெரி 1883ஆம் ஆண்டு நவம்பர் 17ஆந் தேதி ஆசிரியர்களுக்கு விடுத்த திருமுகத்தில் எழுதினார். ஓர் ஒழுக்க விதியைக் கூறுமுன் ஆசிரியர் தமக்குத் தாமே ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும் என்றார் அவர். வகுப்பிலுள்ள பிள்ளைகளுள் ஒருவருடைய தந்தை அங்கே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், நல்லெண்ணமுடைய அவர் அதனை ஏற்க மறுப்பாரா என்பதே அவ்வினா. மறுப்பார் எனத் தோன்றின் அதனைச் சொல்லாது விடுக. மறார் எனின் தயங்காது உரைக்க. இது சிறியதோர் அளவுகோலே. ஆயினும் பெருங் கருத்தொன்றை உள்ளடக்கியது. பிள்ளையை வரும்படி கட்டாயப்படுத்துபவர் அக்கட்டாயத்துக்கு ஏற்ற நாவடக்கத்தையும் மேற்கொள்ளுதல் வேண்டும் என்பதே அது.

விதியை வகுத்தோர் அதனை முற்றும் காத்தனர் என்று கூறுவதற்கில்லை. அதே 1882ஆம் ஆண்டில் அதே குடியரசு பாடசாலைகளிற் சிறுவர் படைப்பிரிவுகளை அமைத்துச் சிறுவர்களை அணிவகுக்கச் செய்தது. ஜேர்மனியிடம் 1871இல் அடைந்த தோல்வியின் வடு அதற்குக் காரணமாயிற்று. எனினும், சிறுவர் கையிற் போலித் துப்பாக்கி கொடுக்கும் அவ்வழக்கம் பத்தாண்டளவில் வீழ்ந்துபட்டது. ஜூல் பெரியின் திருமுகமோ இன்றும் எடுத்துரைக்கப்படுகின்றது.

அடுத்த சோதனை 1930ஆம் ஆண்டுகளில் வந்தது. வலதுசாரிகளும் இடதுசாரிகளும் பிரான்சின் வீதிகளில் மோதிய காலம் அது. துண்டுப் பிரசுரங்களும் கட்சிச் சின்னங்களும் பாடசாலை வாயில்களை எட்டின. 1936ஆம் ஆண்டிற் கல்வியமைச்சரான ஜான் ஸே, அவ்வாண்டு டிசம்பர் 31ஆந் தேதி ஒரு சுற்றுநிருபம் விடுத்தார். மனிதரின் சச்சரவுகள் உட்புகாத புகலிடமாகப் பாடசாலை இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஜான் ஸே தாமும் ஒரு கட்சியைச் சார்ந்தவரே. ஆயினும், தம் எதிரிகளுக்கு மாத்திரமன்றித் தம்மவர்க்கும் அவர் அக்கதவை அடைத்தார். விதி என்பது தன்னை ஆக்கியவனையும் கட்டுப்படுத்தும்போதுதான் விதியெனும் பெயருக்குத் தகுதியுடையதாகும்.

1940இற் பிரான்சு ஜேர்மனியிடம் வீழ்ந்தது. விஷி நகரிலிருந்து ஆட்சி புரிந்த முதியவர் மார்ஷல் பெத்தேன் அக்கதவை அகலத் திறந்தார். 1941ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆந் தேதி அலியே மாவட்டத்துப் பெரினி என்னும் சிற்றூர்ப் பாடசாலைக்கு அவர் சென்றார். எண்பத்தைந்து வயதினரான அவர் அங்கிருந்து பிரான்சின் மாணவர் அனைவருக்கும் வானொலி மூலம் உரையாற்றினார். அவர் வற்புறுத்தியது நேர்மையையும் ஏமாற்றாமையையும். இவற்றை மறுக்கும் தந்தை எவர்? ஜூல் பெரியின் அளவுகோலால் அளந்தால் அவ்வுரையிற் குறைகாண்டல் அரிது.

ஆனால், உரை மாத்திரம் வகுப்பறைக்குள் நுழையவில்லை. உரைத்தவருடைய அதிகாரமும் உடன் நுழைந்தது. அம்முதியவரின் உருவப்படம் பாடசாலைச் சுவர்களிலே தொங்கிற்று. அவரைப் புகழும் பாடல்களைப் பிள்ளைகள் பாடினர். அவரது அரசு 1940ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலேயே யூதர்களை ஆசிரியத் தொழிலிலிருந்து விலக்கிவிட்டது. தம் ஆசிரியர் யாது காரணத்தால் நீக்கப்பட்டார் என்று கேட்க வழியற்ற பிள்ளைகளே நேர்மை பற்றிய உபதேசத்தைக் கேட்டனர். ஒன்பது மாதங்கள் கழிந்து, 1942ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற் பாரிஸ் நகரிலும் அயலிலும் பிரெஞ்சுக் காவற்படையினர் யூதர்களைச் சுற்றிவளைத்துப் பிடித்தபோது, அகப்பட்டோருள் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் குழந்தைகள். பாடசாலையைப் புகலிடமாக்க விரும்பிய ஜான் ஸேயோ சிறையிலிருந்து வெளியே கொண்டுசெல்லப்பட்டு, 1944ஆம் ஆண்டு ஜூன் 20ஆந் தேதி அவ்வாட்சியின் துணைப்படையினராற் கொல்லப்பட்டார். அவர் உயிர்நீத்த இடமும் அதே அலியே மாவட்டமே. 2015ஆம் ஆண்டில் அவரது நினைவு பாந்தெயோன் மண்டபத்திற் பிரான்சின் பெருமக்களோடு வைத்துப் போற்றப்பட்டது.

கொடுங்கோலாட்சியில் நிகழ்ந்ததைக் கொண்டு குடியாட்சித் தலைவர்களை எடைபோடலாமோ என ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆதலின், தேர்தலும் பத்திரிகைச் சுதந்திரமும் நிலவும் ஐக்கிய அமெரிக்காவை நோக்குவோம்.

1988ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் சனாதிபதி ரேகன் வெள்ளை மாளிகையில் மாணவர்களோடு உரையாடினார். அவ்வுரையாடல் பாடசாலைகளுக்கு ஒளிபரப்பாயிற்று. வினாக்களுக்கு விடையளிக்கையில் வரிக்குறைப்புக் கொள்கையின் சிறப்பையும் அவர் எடுத்துரைத்தார். 1991ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் தேதி மூத்த புஷ், வாஷிங்டன் நகரப் பாடசாலையொன்றின் வகுப்பறையிலிருந்து நாடெங்குமுள்ள மாணவர்க்கு உரையாற்றினார். நன்றாகப் படியுங்கள் என்றார். தம் கல்வி இலக்குகள் நிறைவேற எவ்வாறு உதவலாம் என்பதைத் தமக்குக் கடிதமாக எழுதும்படியும் கேட்டார். அடுத்த ஆண்டு தேர்தல். எதிர்க்கட்சியாகிய ஜனநாயகக் கட்சியினர் வெகுண்டெழுந்தனர். கல்வித் திணைக்களத்தின் பணம் சனாதிபதியின் விளம்பரத்துக்குச் செலவாயிற்று எனக் குற்றஞ்சாட்டினர். விசாரணையும் நடந்தது, சட்ட மீறல் இல்லையென்பதே முடிவு.

2009ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆந் தேதி சனாதிபதி ஒபாமா வேர்ஜீனியா மாநிலப் பாடசாலையொன்றிலிருந்து மாணவர்க்கு உரையாற்றினார். இம்முறை வெகுண்டெழுந்தோர் குடியரசுக் கட்சியினர். சனாதிபதிக்கு எவ்வாறு உதவலாம் என்று மாணவர் எழுதலாம் என ஆசிரியர்க்கான வழிகாட்டிக் குறிப்பிற் காணப்பட்ட ஒரு தொடரே பெரும் பூசலுக்கு வித்தாயிற்று. அத்தொடர் மாற்றப்பட்டு, மாணவர் தத்தம் குறிக்கோள்களை எழுதலாம் என்றாயிற்று. உரை முழுவதும் முதல்நாளே வெளியிடப்பட்டது. சில பாடசாலைகள் அதனைக் காட்டாது விட்டன. சில பெற்றோர் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திக்கொண்டனர். உரையில் இருந்ததோ முயற்சியும் பொறுப்புணர்ச்சியும் பற்றிய அறிவுரையே.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குக. 1991இற் கடிதம் எழுதக் கேட்டதைப் பொறுத்துக்கொண்ட கட்சியினர் 2009இல் அத்தகைய கடிதத்தைக் கண்டு அஞ்சினர். 1991இல் எதிர்த்த கட்சியினர் 2009இல் அதனைப் போற்றினர். இரு சாராரும் பேசுபவர் யார் என்று பார்த்தனரேயன்றிக் கேட்பவர் யார் என்று பார்த்திலர். எனினும், அமெரிக்க வரலாற்றிற் பிரான்சின் பெரினிக்கு இல்லாத ஒரு நலம் உண்டு. உரை முன்னதாகவே வெளிவந்தது. தவறான தொடர் திருத்தப்பட்டது. விலகியிருக்க விரும்பியவர் விலகியிருந்தனர். அதற்காக எவரும் சிறை செல்லவில்லை. தீங்கைத் தடுத்தது தலைவரின் நற்குணம் மாத்திரமன்று; மறுக்கும் உரிமையும் ஆகும்.

இவ்வுண்மையை விதியாக வகுத்த நாடுகளும் உள. மேற்கு ஜேர்மனியிற் பல கொள்கையுடைய கல்வியாளர் 1976ஆம் ஆண்டிற் பொய்ட்டெல்ஸ்பாக் என்னும் ஊரிற் கூடினர். அங்கே உருவான உடன்பாடு மூன்று கூறுகளையுடையது. மாணவரைத் திணறடித்து ஒரு கருத்தை ஏற்கச் செய்யலாகாது; அறிஞரிடையும் அரசியலிலும் சர்ச்சைக்குரியது வகுப்பறையிலும் சர்ச்சைக்குரியதாகவே காட்டப்படுதல் வேண்டும்; மாணவர் தம் நிலையைத் தாமே ஆராயும் ஆற்றல் பெறுதல் வேண்டும். பிரித்தானியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம் வகுப்பறையிற் கட்சிச் சார்பான கருத்துகளைப் பரப்புவதைத் தடுத்தது. அரசியற் பிரச்சினைகள் எழும்போது எதிரெதிரான கருத்துகளைச் சமநிலையில் எடுத்துரைக்கவும் பணித்தது.

ஆகவே, தலைவர் வகுப்பறைக்குள் வரவே கூடாது என்று கூறுவது வேண்டாத கடுமை. பாராளுமன்றம் யாது, சட்டம் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பனவற்றை அத்தொழிலில் உள்ளவர் வாயிலாகப் பிள்ளைகள் கேட்டறிதல் நன்றே. ஆனால், அவர் விருந்தினராக வருதல் வேண்டும், வீட்டுக்காரராக அன்று. தேர்தற் காலத்தில் வருதலாகாது. மாற்றுக் கட்சியினர்க்கும் அதே வாயில் திறந்திருத்தல் வேண்டும். விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை விலக்கிக்கொள்ள வழி இருத்தல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் பேசிய நேரத்துக்குக் குறையாத நேரம் பிள்ளைகளின் வினாக்களுக்கு ஒதுக்கப்படுதல் வேண்டும்.

இங்கே ஆசிரியரின் நிலையையும் எண்ணுதல் தகும். அமைச்சர் வருகின்ற நாளில் ஆசிரியர் அரசாங்க ஊழியர். வேலையும் இடமாற்றமும் மேலிடத்தின் கையில் உள. அத்தகைய வேளையிற் பிள்ளையின் சார்பில் நின்று, இக்கேள்வியை நீ கேட்கலாம் என்று சொல்வதற்கு அவருக்குத் துணிவு வேண்டும். அத்துணிவுக்கு விதி அரணாக நிற்றல் வேண்டும். ஒரு சிறுமி எழுந்து தலைவரை நோக்கி, ஐயா, தாங்கள் கூறியது எனக்கு விளங்கவில்லை, அது ஏன் அப்படி என்று கேட்கவும், அவர் பொறுமையோடு விடை கூறவும், அதன் பின்னர் அச்சிறுமிக்கோ ஆசிரியருக்கோ எந்தத் தீங்கும் நேராதிருக்கவும் கூடிய பாடசாலைக்கு எத்தலைவரும் வரலாம். அது கூடாத பாடசாலையில் அவர் உரைக்கும் நல்லுரையும் பிள்ளைக்குப் பணிவைப் பழக்குமேயன்றி அறிவை வளர்க்காது.