வாரம் ஒரு நாள், வருகைப் பதிவேடு, கொஞ்சம் சோறு

நம்ம ஊர்ப்பக்கம் பஸ்ஸில் போகும்போது ஊர் எல்லையில் ஒரு போர்டு பார்த்திருப்பீங்க. பல்சக்கரம் படம், "ரோட்டரி சங்கம் உங்களை வரவேற்கிறது". அந்தச் சக்கரத்துக்கு 24 பல், 6 ஆரம். (எண்ணிப் பார்த்தவங்க கை தூக்குங்க :-))

ரோட்டரின்னா கண் சிகிச்சை முகாம், நிழற்குடை, பொன்னாடைன்னுதான் நமக்குத் தெரியும். எனக்கு அதைவிட சுவாரசியமா இருக்கிறது அவங்க வாராந்திரக் கூட்டம். உலகம் முழுக்க ஒரே மாதிரி: மணி அடிப்பாங்க, சாப்பிடுவாங்க, ஒருத்தர் பேசுவார், கலைஞ்சிடுவாங்க. இதுல என்ன பெரிய சேவைன்னு தோணும். ஆனா கதை அங்கேதான் ஆரம்பிக்குது.

1905 பிப்ரவரி 23, சிகாகோ. பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல். வெர்மான்ட் மாநிலத்து சின்ன ஊர்ல தாத்தா பாட்டிகிட்ட வளர்ந்தவர். பெரிய நகரத்துக்கு வந்து தொழில் பண்றார், ஆனா ஞாயித்துக்கிழமை பேச ஆள் கிடையாது. (வளைகுடாவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) யூனிட்டி பில்டிங்ல 711ஆம் நம்பர் அறையில நாலு பேர் கூடினாங்க: வக்கீல், நிலக்கரி வியாபாரி, சுரங்க எஞ்சினியர், துணி தைக்கிறவர். முறை வச்சு ஒவ்வொருத்தர் ஆபீஸ்லயும் கூடினதால 'சுழற்சி'ங்கிற அர்த்தத்துல ரோட்டரின்னு பேர் வந்தது.

ஆரம்பத்துல சேவையெல்லாம் கிடையாது. ஒருத்தருக்கொருத்தர் வியாபாரம் பிடிச்சுக் கொடுக்கிறதுதான். சேவை பக்கம் திரும்பினப்ப எடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை! 1907ல சிகாகோவுல அதுக்காகப் போராடினாங்க. எதிர்ப்பு வந்தது மதுக்கடை தரப்புலேர்ந்தும் பெரிய ஜவுளி மாளிகைகள்கிட்டேர்ந்தும். கழிப்பறைக்காக உள்ளே வர்றவன் ஏதாவது வாங்கிட்டுப் போவானே, அந்த வரும்படி போயிடுமே!

1919ல கல்கத்தாவுல சங்கம் வந்தது. 1929ல மெட்ராஸ், அதே வருஷம் கொழும்பு. வெள்ளைக்கார கம்பெனி துரைகளும் சில இந்தியப் பெரிய மனிதர்களும் சேர்ந்து சாப்பிட்ட மேஜைகள் அவை. ஒரு தொழிலுக்கு ஒரு ஆள்தான்னு விதி. அதாவது வசதியானவங்க சங்கம். பெண்களுக்கு இடமே கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987ல தலையில குட்டின பிறகு, 1989லதான் உலகம் முழுக்கக் கதவு திறந்தது. இந்தக் குறையை மூடி மறைக்கக் கூடாது.

ஆனாலும் வாரா வாரம் கூடுற பழக்கத்துக்கு ஒரு பலன் உண்டு. 1985ல போலியோவை ஒழிக்கிறோம்னு ரோட்டரி இறங்கினப்ப, ஊருக்கு ஊர் ஏற்கனவே ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச ஆட்கள் தயாரா இருந்தாங்க. 1988ல உலகத்துல வருஷத்துக்கு சுமார் மூன்றரை லட்சம் குழந்தைகளை முடக்கின நோய் அது. இந்தியாவுல கடைசி பாதிப்பு 2011 ஜனவரி 13, ஹவுரா. 2014 மார்ச் 27 அன்னைக்கு நம்ம பிராந்தியமே போலியோ இல்லாததுன்னு சான்றிதழ் கிடைச்சது.

இதுல நாம தெரிஞ்சுக்க வேண்டிய அத்தியாயம் இலங்கை. போர் நடந்துக்கிட்டிருந்த காலம். கொழும்பு ரோட்டரிக்காரர் கே. ஆர். ரவீந்திரன், அச்சுத் தொழில்ல இருந்தவர், அரசும் யுனிசெஃப்பும் ரோட்டரியும் சேர்ந்த குழுவுல முன்நின்னார். வடக்குல இருந்த போராளிகளோட பேசி, சொட்டு மருந்து கொடுக்கிற நாட்கள்ல துப்பாக்கியைக் கீழே வைக்க சம்மதம் வாங்கினாங்க. குழந்தைகள் வரிசையில வந்தாங்க, சொட்டு விழுந்தது, அப்புறம் போர் தொடர்ந்தது. எல் சால்வடோர்ல 1985லேயே இப்படி நடந்திருக்கு. ஆனா அடுத்த கரையில, நம்ம மொழி பேசுற குழந்தைகளுக்காக நடந்ததை நம்மில் எத்தனை பேர் பேசியிருக்கோம்? ரவீந்திரன் 2015-16ல ரோட்டரியோட உலகத் தலைவராவும் இருந்தார்.

இப்ப சோஹாருக்கு வர்றேன். ஓமான்ல நாலு பேர் சேர்ந்து போர்டு மாட்டி சங்கம் ஆரம்பிச்சிட முடியாது. 2000ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைச்சக அனுமதி வேணும். மஸ்கட்ல இந்தியன் சோஷியல் கிளப்புக்குள்ள தமிழ்ப் பிரிவு இருக்கு. மத்தபடி நம்ம ஆளுங்களுக்கு வெள்ளிக்கிழமை அறைச் சமையல்தான் வாராந்திரக் கூட்டம். போர்டு இல்லை, மணி இல்லை, மீன் குழம்பு உண்டு.

ரோட்டரியில ரொம்ப காலம் ஒரு கறார் விதி இருந்தது: தொடர்ந்து நாலு கூட்டம் வராம, வேற ஊர் சங்கத்துலயும் தலைகாட்டாம இருந்தா உறுப்பினர் பதவி போயிடும். 2016ல தளர்த்திட்டாங்க, மாசம் ரெண்டு கூட்டம் போதும், எந்த வடிவத்துலயும் நடத்தலாம். நல்லதுதான். ஆனா பழைய விதியில ஒரு விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஒருத்தரை நீக்கணும்னாலே, முதல்ல அவர் வரலைங்கிறதை யாராவது கவனிக்கணும்.

துறைமுகத்துப் பக்கம், தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்ட் பார்க்கிற அண்ணன்மார்ல ஒருத்தர் நாலு வாரம் கண்ணுல படலைன்னா, ஊருக்குப் போயிட்டாரா, உடம்பு முடியலையா, சம்பளப் பிரச்சினையான்னு கேட்க ஒரு பதிவேடு கிடையாது. பக்கத்துக் கட்டில்காரர்தான் பதிவேடு. சங்கம் இல்லாட்டியும் அந்த ஒரு வேலையை நாம எடுத்துக்கலாம். வெள்ளிக்கிழமை சோறு போடும்போது தலையை எண்ணுங்க. ஒண்ணு குறைஞ்சா போன் போடுங்க.

உங்க ஊர் சங்கம் பத்தி, முக்கியமா யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பக்கத்து நண்பர்கள் அந்தச் சொட்டு மருந்து நாட்கள் பத்தி, நினைவு இருந்தா எழுதுங்க. படிக்க ஆவலா இருக்கேன்.