பாலம் விமானக் காட்சிசாலையும் அக்டோபர் எட்டாம் நாளும்

ஆண்டு விழா எடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. பிறந்த நாளும் நினைவு நாளும் மனிதருக்கே உரியவை என்று நாம் எண்ணினும், ஆண்டுக்கு ஒரு நாள் கருவிகளுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கும் ஆயுத பூசை நம் வழக்கில் உள்ளது. தச்சர் உளியையும், கணக்கர் பேனாவையும், ரயில்வே பட்டறையினர் தம் இயந்திரங்களையும் அன்று போற்றுகின்றனர். அக்கருத்தை உள்ளத்திற் கொண்டு, நாம் வாழும் இத்தலைநகரைச் சார்ந்த பாலம் என்னும் ஊரில் உள்ள இந்திய விமானப் படைக் காட்சிசாலையைப் பற்றிச் சில செய்திகளை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகிறேன்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் இந்திய விமானப் படை சட்டப்படி தோன்றியது. ஆண்டுதோறும் அந்நாளே விமானப் படை நாளாகக் கொண்டாடப்படுகிறது. அவ்விழாவிற் சீறிச் செல்லும் புதிய விமானங்களை அண்ணாந்து நோக்கி வியவாதார் இலர். ஆயின் அவற்றிற்கு முன்னோராகிய பழைய விமானங்கள் பாலத்தில் அமைதியாக நிற்கின்றன. அவற்றைக் காணச் செல்வோர் சிலரே.

தொடக்கம் மிகச் சிறியது. 1933 ஏப்ரல் 1ஆம் நாள், கராச்சியை அடுத்த டிரிக் ரோடு விமானத் தளத்தில் முதற் படைப்பிரிவு அமைந்தது. அதற்குக் கிடைத்தவை நான்கே வாபிட்டி விமானங்கள். அதிகாரிகள் அறுவர்; 'ஹவாய் சிப்பாய்' எனப் பெயர் பெற்ற வீரர் பத்தொன்பதின்மர். அவ்வதிகாரிகளுள் ஒருவரான சுப்ரதோ முகர்ஜி, 1954 ஏப்ரல் 1ஆம் நாள் விமானப் படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். பொறியியற் கல்லூரியிற் பயின்றிருந்தும் சாதாரண ஹவாய் சிப்பாயாகச் சேர்ந்தவர் ஹர்ஜிந்தர் சிங். எண்ணெய்க் கறை படிந்த கைகளுடன் விமானங்களைப் பழுது பார்த்த அவர், பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷல் பதவிக்கு உயர்ந்து, பராமரிப்புப் பிரிவு முழுமைக்கும் தலைமை தாங்கினார். ஓட்டியவரைப் போலவே பழுது பார்த்தவரும் இப்படையை வளர்த்தவர் என்பதற்கு இவ்விருவரே சான்று.

அக்காலத்து வாபிட்டி ஒன்றைப் பாலத்தில் இன்றும் காணலாம். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள். அவற்றின்மேற் போர்த்திய துணி. முன்னும் பின்னுமாக இருவர் அமரத்தக்க திறந்த இருக்கைகள். விமானியின் முகத்தில் காற்றும் மழையும் நேரே அறையும். இங்கிலாந்தின் வெஸ்ட்லாண்ட் தொழிற்சாலை இவ்வகை விமானங்களை ஐந்நூறுக்கு மேல் செய்தது. உலகெங்கும் தேடினும் இன்று முழு உருவிற் கிடைப்பது பாலத்தில் உள்ள இவ்வொன்றே. ஏனையவெல்லாம் பழைய இரும்பாக மறைந்தன.

அதே காட்சிசாலையில், வாபிட்டியைச் சிறு குருவியாகத் தோன்றச் செய்யும் பேருருவம் ஒன்று உண்டு. நான்கு இயந்திரங்கள் பூட்டிய லிபரேட்டர் என்னும் குண்டு வீச்சு விமானம் அது. அதன் கதை கேட்கத் தக்கது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, அமெரிக்கா கடனுதவித் திட்டத்தில் வழங்கிய இவ்விமானங்கள் பல கான்பூரில் நின்றன. உடன்படிக்கையின்படி அவற்றைப் பிறர் பயன்படுத்தலாகாது என்று, ஆங்கிலப் படையினர் வேண்டுமென்றே சிதைத்துவிட்டுச் சென்றனர். ரயில்வே மொழியிற் கூறினால், அவை 'கண்டம்' செய்யப்பட்டவை. விடுதலை பெற்ற இந்தியாவிற்கோ கனரக விமானங்கள் தேவை. வாங்கப் பணம் இல்லை. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் கான்பூருக்குச் சென்று, ஒன்றின் உறுப்பை மற்றொன்றிற் பொருத்தி, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொணர்ந்தனர். அத்தொழிற்சாலையின் சோதனை விமானி ஜிம்மி முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிச் சென்றார். அங்கே அவை முழுதும் செப்பனிடப்பட்டன. 1948 முதல் 1968 வரை இருபது ஆண்டுகள் அவை நம் படையில் தொண்டாற்றின. ஓய்வு பெற்றபின் பிரிட்டன், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் காட்சிசாலைகளுக்கும் இங்கிருந்து லிபரேட்டர்கள் சென்றன. ஒருவர் ஆகாது என்று ஒதுக்கிய பொருளை, மற்றொருவர் பொறுமையால் உலகமே விரும்பிப் பெறும் செல்வமாக்கினர்.

நிற்கும் விமானத்தை மீண்டும் பறக்கச் செய்து விழா எடுப்பதும் உண்டு. 2012இல், விமானப் படையின் எண்பதாம் ஆண்டு விழாவில், டைகர் மாத் என்னும் பழைய பயிற்சி விமானம் செப்பனிடப் பெற்று ஹிண்டன் தளத்தில் பறந்தது. 2018இல் டக்கோட்டா ஒன்று, இங்கிலாந்திற் புதுப்பிக்கப் பெற்று இந்தியாவிற்குப் பறந்து வந்தது. 1947 அக்டோபர் 27ஆம் நாள் ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டக்கோட்டாவின் எண்ணாகிய வி.பி. 905 அதற்கு இடப்பட்டது.

விமானப் படை மட்டுமன்று. தபால் விமானமும் இவ்வகையில் நினைவு கூரப்பட்டது. படை தோன்றிய அதே 1932இல், ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 15ஆம் நாள், அதே டிரிக் ரோடு தளத்திலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா தபால் மூட்டையுடன் புறப்பட்டு, அகமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொணர்ந்தார். ஐம்பது ஆண்டு நிறைந்த 1982 அக்டோபர் 15இல், எழுபத்தெட்டு வயதான டாட்டா, பழைய லெபர்டு மாத் விமானமொன்றைக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். விழா மேடையில் மாலை ஏற்பதோடு நில்லாது, செய்த செயலையே மீண்டும் செய்து காட்டினார்.

"பழைய இரும்பிற்கு இத்துணைச் செலவா?" என்று வினவுவோர் உளர். வறியோர் நிறைந்த நாட்டில் அவ்வினா தவறன்று. ஆயினும் ஒன்று கருதுதல் வேண்டும். துணி இறக்கையைத் தைக்கும் முறையும், பழைய இயந்திரத்தின் ஒலி கேட்டே பழுதை அறியும் திறனும் புத்தகத்தில் மட்டும் தங்குவன அல்ல. கையிலிருந்து கைக்குச் செல்வன. இயந்திரம் அழிந்தால் அக்கைத்திறனும் உடன் அழியும். 1855இல் செய்யப்பெற்ற ஃபேரி குயின் என்னும் நீராவி எஞ்சின், நெடுங்காலம் ஓய்ந்திருந்தும் 1997இல் மீண்டும் தண்டவாளத்தில் ஓடியதை ரயில்வே குடும்பங்கள் அறியும். அதனை ஓடச் செய்தவர் பழைய தொழிலை மறவாத தொழிலாளரே.

எனினும் எல்லாவற்றையும் பறக்கவிடுதல் அறிவுடைமை ஆகாது. உலகில் ஒன்றே எஞ்சிய வாபிட்டி ஒரு முறை விழுந்தால், அவ்வினமே இல்லையாம். பல இருப்பின் ஒன்று பறக்கட்டும். ஒன்றே இருப்பின் அது நிலத்தில் நிலைத்து நிற்கட்டும். இரண்டுமே காத்தலின் வழிகள்தாம்.

2032 அக்டோபர் 8ஆம் நாள் விமானப் படைக்கு நூறாண்டு நிறையும். இன்று நம் காலனியில் பள்ளி செல்லும் சிறுவர் அன்று இளைஞராய் இருப்பர். அதற்கு முன் ஒரு விடுமுறை நாளில், சோற்று மூட்டை கட்டிக்கொண்டு குடும்பத்துடன் பாலம் சென்று வருவோமாக. வாபிட்டியின் முன் சிறுவரை நிறுத்தி, ஓட்டிய வீரரைப் பற்றிக் கூறுங்கள். அவ்விமானத்தைத் துடைத்து, எண்ணெய் இட்டு, திருகாணி முடுக்கி, கண்டமாகாமல் காத்தவரைப் பற்றியும் கூறுங்கள். அவர்தம் பெயர்கள் எப்பலகையிலும் இல்லை. நாற்காலி சுமந்தும், சந்தா திரட்டியும், பாய் விரித்தும் நம் சங்கத்தை ஆண்டுதோறும் காத்து வருவோரும் அத்தகையோரே. விழாவின் பெருமை அவர்களுக்கும் உரியதாகுக.

வாழ்க தமிழ்! வாழ்க பாரதம்!