புள்ளிக்குப் பின்னால் மூன்றெழுத்து

ஒரு மென்பொருளை வாங்கினாலும் இறக்கினாலும் அதனுடன் 'ரீட்மி.டிஎக்ஸ்டி' என்று ஒரு கோப்பு வருவதுண்டு. எப்படி நிறுவுவது, என்ன கவனிக்க வேண்டும் என்ற குறிப்புகள் அதில் இருக்கும். அந்தப் பெயரில் புள்ளிக்குப் பின்னால் உள்ள மூன்றெழுத்தைத்தான் எக்ஸ்டென்ஷன், அதாவது பின்னொட்டு என்கிறார்கள். இது வெறும் எழுத்துகள் மட்டுமே உள்ள கோப்பு என்று அது சொல்கிறது. இந்தச் சிறிய அடையாளத்தை எல்லா இயங்குதளங்களும் ஒரே மாதிரி மதித்ததில்லை.

1970களில் கேரி கில்டால் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தில் பெயருக்கு 8 எழுத்து, பின்னொட்டுக்கு 3 எழுத்து என்று கணக்கு. 1981-ல் வந்த எம்எஸ்-டாஸ் அதே முறையைப் பின்பற்றியது. வட்டில் அந்த 11 எழுத்துகளுக்குத்தான் இடம், புள்ளியைக்கூடச் சேமிப்பதில்லை.

1969-ல் பெல் ஆய்வகத்தில் தொடங்கிய யூனிக்ஸில் அப்படி இல்லை. அங்கே புள்ளியும் பெயரில் ஓர் எழுத்து, அவ்வளவுதான். கோப்பின் உள்ளே பார்த்து அதன் வகையைச் சொல்ல 'ஃபைல்' என்றொரு கட்டளை உண்டு. அதனால் நிரல் எழுதுவோர் குறிப்புக் கோப்புக்கு வெறுமனே 'ரீட்மி' என்றே பெயர் வைத்தார்கள். 1984-ல் வந்த மெக்கின்டாஷ் மூன்றாவது வழியில் போனது. வகையைக் காட்டும் நான்கெழுத்துக் குறியீட்டைப் பெயரில் சேர்க்காமல், தனியே மறைத்து வைத்தது.

மூன்றும் அவரவர் வீட்டில் நன்றாகவே வேலை செய்தன. கோப்பு வீடு மாறியபோதுதான் சிக்கல். பின்னொட்டு இல்லாத 'ரீட்மி'யை விண்டோஸில் சொடுக்கினால், எந்த மென்பொருளில் திறப்பது என்று அது திருப்பிக் கேட்கும். மெக்கின்டாஷின் குறியீடோ வேறு கணினிக்குப் போகும் வழியிலேயே பெரும்பாலும் தொலைந்துவிடும். கோப்புடன் தவறாமல் பயணம் செய்தது அதன் பெயர்தான். 2001-ல் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது ஆப்பிளும் பின்னொட்டுக்கு இடம் கொடுத்தது.

இதற்கிடையே மைக்ரோசாஃப்ட் எதிர்த்திசையில் ஒரு காரியம் செய்திருந்தது. விண்டோஸ் 95, தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளைப் பயனர் கண்ணில் படாமல் மறைத்தது. அதன் விலை 2000 மே மாதம் தெரிந்தது. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' நச்சுநிரலின் இணைப்புக் கோப்பு 'டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடிந்தது. கடைசிப் பகுதி மறைந்துபோனதால் பலர் அதைச் சாதாரணக் கடிதம் என்று நம்பித் திறந்தார்கள். உண்மையில் அது ஓடக்கூடிய நிரல். படக் கோப்புகளை அழித்தது. முகவரிப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. உலகெங்கும் லட்சக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன.

பின்னொட்டு கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றாது. டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரிதான் அது. உள்ளே இருப்பது சர்க்கரையா உப்பா என்று திறக்கும் முன்பே சொல்கிறது. டப்பா ஒரே சமையலறையில் இருக்கும்வரை சீட்டு இல்லாமலும் சமாளிக்கலாம். ஊர் ஊராகப் போகும் டப்பாவுக்குச் சீட்டு வேண்டும். அது முழுதாகக் கண்ணில் படவும் வேண்டும். யாரோ ஒருவர், எந்தக் கணினியிலோ படிக்கப்போகும் குறிப்புகளுக்கு அந்த மூன்றெழுத்தைச் சேர்ப்பது, படிப்பவருக்குச் செய்யும் மரியாதை.