மாவு பொங்காத ஊர்: மெட்ராஸிலிருந்து டெல்லிக்குக் குடிபோன குடும்பங்கள்

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இந்த எபிசோடை இட்லி மாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2025 ஜனவரியில் நாங்க திருச்சியிலிருந்து டெல்லிக்குக் குடி வந்தோம். நான், என் மனைவி, மூணு வயசுப் பொண்ணு. எனக்கு நொய்டாவில் வேலை. ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் ரெண்டாவது மாடியில் ஒரு வாடகை வீடு. வந்த நாலாம் நாள் மனைவி மாவு அரைச்சு வெச்சாங்க. மறுநாள் காலையில் பார்த்தா வெச்சது வெச்ச மாதிரியே இருக்கு. அதுக்கும் மறுநாள், அதே கதை. திருச்சியில் ராத்திரி மூடி வெச்சா காலையில் பாத்திரத்தை விட்டு வழியிற மாவு, ஜனவரி மாச டெல்லியில் அசையவே இல்லை.

மனைவி அவங்க பாட்டிக்கு போன் பண்ணினாங்க. பாட்டிக்கு 84 வயசு, கும்பகோணத்தில் இருக்காங்க. விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சுட்டு, "ரஜாய்க்குள்ள வெச்சியாடி?"ன்னு கேட்டாங்க.

ரஜாய்ன்னா பஞ்சு அடைச்ச கனமான குளிர்காலப் போர்வை. பாத்திரத்தை அதில் சுத்தி, கட்டிலில் ஒரு குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைக்கணுமாம். வெச்சோம், மாவு பொங்குச்சு.

பாட்டிக்கு இது எப்படித் தெரியும்? 1961 நவம்பரில், 20 வயசில், கைக்குழந்தையோட டெல்லிக்கு வந்தவங்க அவங்க. தாத்தா மத்திய அரசு ஆபீஸில் கிளார்க். எங்களுக்குக் கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆகுது. அவங்க டெல்லியில் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா ஒரு தடவைகூட அதைப் பத்திக் கேட்டதில்லை. மாவு பொங்கியிருந்தா இந்த எபிசோடே இருந்திருக்காது.

ஒரு தலைநகரமும் ஒரு பள்ளிக்கூடமும்

கொஞ்சம் பின்னாடி போவோம். 1911 டிசம்பர் 12, டெல்லி தர்பார். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும்னு ஐந்தாம் ஜார்ஜ் அறிவிச்சார். புது டெல்லி கட்டி முடிச்சு முறைப்படி திறக்க 1931 பிப்ரவரி வரை ஆச்சு. அரசாங்கம்னா வைஸ்ராய் மட்டும் இல்லையே. ஃபைல் எழுதணும், டைப் அடிக்கணும், கணக்குப் பார்க்கணும். அதுக்கு இங்கிலீஷ் தெரிஞ்ச ஆட்கள் வேணும். மெட்ராஸ் மாகாணத்தில் இங்கிலீஷ் படிப்பும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் பரீட்சைகளும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. அப்படித்தான் தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காடு பக்கத்து இளைஞர்கள் வடக்கே ரயில் ஏறினாங்க. ஆரம்பத்தில் போனவர்களில் பெரும்பகுதி பிராமணர்கள். படிப்பு யாருக்குக் கிடைச்சதோ அவங்களுக்குத்தான் அந்த வேலையும் கிடைச்சது. இதைச் சொல்லாம இந்தக் கதையைச் சொன்னா அது பாதிக் கதை.

இதில் இன்னொரு சிக்கல் சிம்லா. 1864-லிருந்தே அது பிரிட்டிஷ் அரசின் கோடைக்காலத் தலைநகரம். வெயில் வந்தா அரசாங்கம் மலையேறும், குளிர் வந்தா இறங்கும். ஃபைல்களோட கிளார்க்குகளும், அவங்களோட குடும்பங்களும் மூட்டை கட்டணும். நாங்க ஒரு தடவை வீடு மாத்துறதுக்கே ரெண்டு மாசம் தடுமாறினோம். அவங்களுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை.

அப்போ பிள்ளைகள் எங்கே படிப்பாங்க? இந்தக் கேள்விக்கு அரசாங்கம் பதில் சொல்லலை, பெற்றோர்களே சொன்னாங்க. 1923-இல் சிம்லாவில் மதராசி எஜுகேஷன் அசோசியேஷன் தொடங்கினது. பள்ளிக்கூடமும் அரசாங்கத்தோட சேர்ந்து சிம்லாவுக்கும் டெல்லிக்கும் மாறி மாறிப் போச்சு. அதுதான் இன்னைக்கு டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம். மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஆர்.கே. புரம், ஜனக்புரின்னு ஏழு பள்ளிகள் நடத்துறாங்க. கவனிங்க, டெல்லித் தமிழ்ச் சங்கம் தொடங்கினது 1946. ஆர்.கே. புரம் மலை மந்திர் குடமுழுக்கு 1973. சங்கத்துக்கும் அந்தக் கோயிலுக்கும் முன்னாடியே பள்ளிக்கூடம் வந்திருக்கு. பிள்ளைகளோட காலைப்பொழுது ஒழுங்கானாத்தான் குடும்பம் அந்த ஊரில் நிக்கும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஃபைலில் இல்லாதது

எங்க துறையில் மைக்ரேஷன்னு ஒண்ணு உண்டு. ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு எல்லாத்தையும் மாத்துறது. டேட்டாவை மாத்துறது ஒரு ராத்திரி வேலை. ஆனா அதுக்கப்புறம் மூணு மாசம், யாரும் எங்கேயும் எழுதி வைக்காத டிபென்டென்சி ஒவ்வொண்ணா உடையும். 'இது அதை நம்பி ஓடிட்டு இருந்துச்சா?'ன்னு அப்பதான் தெரியும்.

தாத்தாவோட டெல்லி வாழ்க்கை ஃபைலில் இருக்கு: எந்த வருஷம் சேர்ந்தார், என்ன கிரேடு, எந்த டைப் குவார்ட்டர்ஸ். புது டெல்லியில் வீட்டோட அளவை முடிவு பண்ணினது பதவியும் சம்பளமும்தான். ஆனா அந்த வீட்டுக்குள்ள காலை நாலரை மணிக்கு என்ன நடந்ததுங்கிறதுக்கு ஃபைல் கிடையாது. அதுக்குப் பாட்டிதான் வேணும். மூணு ஞாயிற்றுக்கிழமை போனில் ரெக்கார்ட் பண்ணினேன்.

கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ரெண்டு ராத்திரி. 1929-இல் அந்த ரயில் ஆரம்பிச்சப்போ பெஷாவருக்கும் மங்களூருக்கும் நடுவே ஓடுச்சு. பயணம் சுமார் 104 மணி நேரம். அப்புறம்தான் டெல்லி–மெட்ராஸ்னு சுருங்கினது. பாட்டி புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவின இட்லியும் கட்டிட்டு வந்திருக்காங்க. ஜன்னல் வழியா வந்த கரித்தூள் குழந்தையோட கண்ணில் விழாம இருக்க, வழி முழுக்க முந்தானையால் மூடியே பிடிச்சிருந்தாங்களாம்.

இறங்கினது விநய் நகர் குவார்ட்டர்ஸ். இன்னைக்கு நாம துணி வாங்கப் போற சரோஜினி நகர்தான் அது. ஒண்ணரை ரூம். சமையல் அங்கீட்டியில், அதாவது நிலக்கரி அடுப்பில். புகை அடங்குற வரைக்கும் அதை வெளியே வெச்சு, அப்புறம் உள்ளே தூக்கிட்டு வரணும். பாலுக்கு டெல்லி பால் திட்டம். அது 1959-இல் தொடங்கினது. விடியறதுக்கு முன்னாடி காலி பாட்டிலை எடுத்துட்டுப் போய் பூத்தில் வரிசையில் நிக்கணும். "மாப்ளே, நான் இந்தி கத்துக்கிட்டது அந்த பால் க்யூவுலதான். முதல்ல கத்துக்கிட்டது 'என் நம்பர் இது'ங்கிற வார்த்தை"ன்னாங்க.

அந்த வரிசையில் அவங்களுக்கு முன்னாடி நின்னவங்க ஒரு பஞ்சாபி அம்மா. லயால்பூரிலிருந்து 1947-இல் வந்தவங்க. அந்த ஊர் இன்னைக்குப் பாகிஸ்தானில் பைசலாபாத். டெல்லியோட மக்கள்தொகை 1941-இல் 9.18 லட்சம், 1951-இல் 17.44 லட்சம். அதில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் பிரிவினையில் வந்த அகதிகள். அந்த டெல்லியில் பாட்டி மட்டும் புதுசு இல்லை, தெருவில் பாதிப் பேர் எங்கிருந்தோ வந்தவங்கதான். ரஜாய்க்குப் பஞ்சு அடிக்க யாரைக் கூப்பிடணும், ஸ்வெட்டர் எப்படிப் பின்னணும், வெயில் காலத்தில் கயித்துக் கட்டிலை மொட்டை மாடியில் எப்போ போடணும், எல்லாம் சொல்லிக் கொடுத்தது அந்த அம்மாதான். ஒரு நாள் பாட்டி ஊர் நினைப்பில் அழுதப்போ அவங்க சொன்னாங்களாம்: "உனக்கு உன் ஊருக்கு ரயில் இருக்கு." அதுக்கப்புறம் அவங்க முன்னாடி பாட்டி அழுததே இல்லை.

ரயில் இருந்தது, காசு இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்குச் சொந்த ஊர் போய்வர விடுப்புப் பயணச் சலுகை, அதாங்க எல்.டி.சி., 1956-இல் வந்தது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. இடையில் தொடர்புன்னா 1950-இல் அறிமுகமான அந்த நீல நிற இன்லேண்ட் லெட்டர்தான். பாட்டியோட அப்பா இறந்த செய்தி தந்தியில் வந்துச்சு. அவங்க ஊர் போய்ச் சேர்ந்தது பதினோராம் நாள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் விட்டது 1976-இல். அதுக்குள்ள அவங்க மூணு பிள்ளை பெத்து, ஒரு பிள்ளைக்குப் பள்ளிப்படிப்பே முடியப் போகுது.

அந்தப் பக்கம் இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டு வீடுகளில் ரேடியோவில் கேட்ட ஆகாசவாணி மாநிலச் செய்தி இல்லை, தேசியச் செய்தி: அதை டெல்லியிலிருந்துதான் வாசிச்சாங்க. சரோஜ் நாராயண்சுவாமியோட குரல் டெல்லிக்குரல். அந்தக் குரல் கும்பகோணத்தில் காதில் விழுந்தா, "என் பொண்ணு ஊர்லேர்ந்து பேசுறாங்க"ன்னு பாட்டியோட அம்மா சொல்வாங்களாம். இப்படி இடம்பெயர்ந்த வீடுகளில் வளர்ந்த ஒரு பையன்தான் எழுத்தாளர் ஆதவன். கல்லிடைக்குறிச்சியில் பிறந்து டெல்லியில் வளர்ந்தவர். அவரோட 'காகித மலர்கள்' நாவல் டெல்லித் தமிழ்க் குடும்பத்தைப் பத்தினது. இந்த எபிசோடுக்காகத்தான் நான் அதைப் படிச்சேன். பாட்டி சொன்னதோட மறுபக்கம், அதாவது அந்தப் பிள்ளைகளுக்கு எந்த ஊர் சொந்த ஊர்ங்கிற குழப்பம், அதில் இருக்கு.

எங்க பால் க்யூ

இப்போ எங்க வீட்டுக்கு வர்றேன். டெல்லிக்கு வந்ததில் நான் இழந்தது ஒண்ணுமில்லை. அதே லேப்டாப், அதே டீம் கால். மனைவி ஏழு வருஷம் பார்த்த வேலையை விட்டுட்டு வந்தாங்க. பொண்ணு விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்த முதல் மூணு வாரம் யார்கிட்டயும் பேசவே இல்லை. அங்கே மட்டும் இல்லை, வீட்டுலயும் பேச்சு குறைஞ்சுது. நான் 'பழகிடும்'னு சொன்னேன். அதைத் தவிர நான் எதுவும் செய்யலைங்கிறதை இங்கே ஒத்துக்கிறேன்.

அதை மாத்தினது ஒரு அக்கா. எங்க பில்டிங்கில் நாலு வீட்டில் வேலை பார்த்தவங்க. படிக்கட்டில் பொண்ணு அழுதுட்டு உட்கார்ந்திருந்தப்போ, "ஏன் கண்ணு அழுவுற?"ன்னு தமிழில் கேட்டிருக்காங்க. பொண்ணு அப்படியே நிமிர்ந்து பார்த்திருக்கா. அன்னைக்கு ஆரம்பிச்ச பேச்சு நிக்கவே இல்லை. அக்கா மெட்ராஸி கேம்ப்பில் இருந்தாங்க. எங்க வீட்டிலிருந்து நடக்கிற தூரம், பாராபுல்லா வாய்க்கால் ஓரம். கிளார்க் குடும்பங்களுக்குக் கிடைச்ச குவார்ட்டர்ஸ் இவங்களுக்கு இல்லை. தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்தவங்க பல பத்தாண்டுகளா தாங்களே கட்டிக்கிட்ட குடியிருப்பு அது. இட்லி அரிசி எங்கே கிடைக்கும், எந்தக் கடையில் நல்ல புளி இருக்கும், எல்லாம் அக்காதான் சொன்னாங்க. லயால்பூர் அம்மா பாட்டிக்குச் செஞ்சதை, அக்கா எங்களுக்குச் செஞ்சாங்க.

2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை. நீதிமன்ற உத்தரவுப்படி மெட்ராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. வாய்க்காலை அடைச்சிருக்கு, மழைத்தண்ணி தேங்குதுங்கிறது காரணம். சுமார் 370 வீடுகள். மாற்று வீட்டுக்குத் தகுதின்னு பட்டியலில் வந்தது 189 குடும்பம். அந்த வீடுகள் இருக்கிறது நரேலாவில், நகரத்தோட வடக்கு ஓரத்தில்.

அக்காவுக்கு நரேலாவில் வீடு கிடைச்சது. சுவர் இருக்கு, கூரை இருக்கு. ஆனா வேலை பார்த்த நாலு வீடு இங்கே. பையன் படிக்கிற தமிழ்ப் பள்ளி இந்தப் பக்கம். கொஞ்ச நாள் விடியக்காலை கிளம்பி வந்தாங்க. அப்புறம் ஒவ்வொரு வீடா விட்டாங்க, கடைசியா எங்க வீடு. பையனை அதே பள்ளியில் வைக்கிறதா, மாத்துறதான்னு இன்னும் முடிவு பண்ணலை.

நூறு வருஷத்துக்கு முன்னாடி சிம்லாவில் அந்தப் பெற்றோர்கள் கேட்ட அதே கேள்விதான் இது: பிள்ளை எங்கே படிக்கும்? அவங்களுக்குச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் இருந்துச்சு, அதனால் பள்ளிக்கூடத்தையே கூடத் தூக்கிட்டுப் போக முடிஞ்சது. அக்காகிட்ட ஒரு பஸ் பாஸ்தான் இருக்கு.

வீடு மாத்துறதுன்னா ஒரு முகவரிக்குப் பதில் இன்னொரு முகவரின்னு நான் நினைச்சிருந்தேன். வேலைக்கு ஆள் எடுக்கிறவங்களும் வீடு இடிக்கிறவங்களும் அப்படித்தான் கணக்குப் போடுறாங்கன்னு நினைக்கிறேன். ஆனா பாட்டி எங்களுக்கு போன் பண்ணினா சம்பளமும் கேட்கிறதில்லை, வாடகையும் கேட்கிறதில்லை. "பால் எங்கே வாங்குற? குழந்தை யாரோட விளையாடுறா? பக்கத்து வீட்டுல பேசுறியா?" இந்த மூணுதான். அதுக்குப் பதில் இருந்தா அந்த ஊரில் குடியேறியாச்சு. அக்காவுக்கு ஜூனுக்கு முன்னாடி வரை மூணுக்கும் பதில் இருந்துச்சு.

போன ஞாயிறு நாங்க மூணு பேரும் மெட்ரோவும் பஸ்ஸும் மாறி நரேலா போனோம். போய்ச்சேரவே மத்தியானம் ஆயிடுச்சு. மனைவி ஒரு தூக்கு நிறைய இட்லி மாவு கொண்டு வந்தாங்க. பொண்ணு அக்கா பையனோட கீழே போய் விளையாடினா, பாதி தமிழ், பாதி இந்தி. மாடியில் துணி காயப்போட்டுட்டிருந்த பீகார்ப் பெண்மணி ஒருத்தங்க, "உங்க சொந்தக்காரங்களா?"ன்னு அக்காகிட்ட இந்தியில் கேட்டாங்க. அக்கா, "எங்க ஊர்க்காரங்க"ன்னாங்க. அப்புறம் அவங்ககிட்ட, "இங்கே காலையில் பால் எத்தனை மணிக்கு வரும்?"னு கேட்டாங்க.

உங்க வீட்டிலும் இப்படி வேற ஊரில் குடும்பம் நடத்தின பாட்டியோ அத்தையோ இருந்தா, இந்த வாரமே ஒரு போன் போட்டுக் கேளுங்க. ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.