ஒரு பிடி அரிசி: மிசோரமில் கொடையும் அதன் நோக்கமும்

கொடையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கொடுத்த பொருளின் அளவையே குறிக்கின்றனர்; கொடுத்தவர் எதை நாடிக் கொடுத்தார் என்பது பின்தங்கிவிடுகிறது. மிசோ மக்களின் வரலாற்றில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது.

கிறித்தவம் பரவுமுன், மிதுன்களை அறுத்து ஊருக்கே பலமுறை விருந்தளித்த செல்வர் 'தாங்ச்சுவா' என்னும் பட்டம் பெற்றார். பெருவேட்டையாலும் அதனை அடையலாம். தனிச் சிறப்புடைய ஆடையை உடுத்தும் உரிமை இம்மைப் பயன்; 'பியால்ரால்' என்னும் இன்ப உலகம் மறுமைப் பயன். அங்கே உழைப்பின்றி, குத்திய அரிசியே உணவாகக் கிடைக்கும் என நம்பினர். ஏனையோருக்கு 'மித்தி குவா' என்னும் இறந்தோர் ஊர்தான். ஆகவே விருந்து ஈகையாகவும் முதலீடாகவும் இருந்தது. வறியவருக்கு அவ்வழி அடைபட்டிருந்தது.

1894இல் லோரெயின், சாவிட்ஜ் ஆகிய மறைப்பணியாளர்களும், 1897இல் வேல்சுத் திருச்சபையின் டி. இ. ஜோன்சும் வந்தனர். 1910 வாக்கில் 'பூஃபாய் தாம்' வழக்கம் தொடங்கியது. 'பூஃபாய்' குத்திய அரிசி; 'தாம்' கைப்பிடி. ஒவ்வொரு வேளையும் உலையில் இடுமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பர். வீடுவீடாகச் சேர்க்கப்படும் அவ்வரிசி விற்கப்பட்டு, அத்தொகை திருச்சபைப் பணிக்குச் செல்லும்.

பியால்ராலில் பரிசாகக் கருதப்பட்ட அதே குத்திய அரிசி இங்கே காணிக்கையாயிற்று. அதை நாள்தோறும் உரலில் குத்தியவர்களும் பெண்களே. இது உபரியிலிருந்து வந்ததன்று. அந்த வேளைச் சோற்றிலிருந்து குறைக்கப்பட்டது. இரண்டு காசு போட்ட கைம்பெண்ணைப் பற்றிய நற்செய்திக் கதை அவர்களுக்கு விளங்கியதில் வியப்பில்லை.

இதனால் நோக்கம் முற்றிலும் தூய்மையுற்றது எனக் கூறிவிட முடியாது. விண்ணுலகப் பயன் பற்றிய எதிர்பார்ப்பு புதிய சமயத்திலும் உண்டு. மறுபுறம், தன்னலமற்ற பணியைப் போற்றும் 'த்லோம்ங்ஐனா' என்னும் மிசோ அறம் கிறித்தவத்துக்கு முற்பட்டது. எனவே பழையது விளம்பரம், புதியது தியாகம் என்ற எளிய பிரிவினை பொருந்தாது.

உறுதியாக மாறியது ஒன்று: கொடையாளி ஆவதற்கு மிதுன் மந்தை தேவைப்படவில்லை. அடுப்பங்கரையில் நின்ற ஏழைப் பெண்ணும் கொடையாளியானாள். இன்றும் தொடரும் இவ்வழக்கத்தின் வரலாற்றுப் பொருளை, சேர்ந்த தொகையில் மட்டுமன்றி இம்மாற்றத்திலும் தேட வேண்டும்.