விண்கலத்தில் கதிர் அளவை

கண்ணுக்குத் தெரியாது; தொட்டால் சுடாது; ஆயினும் உடலினுள் புகுந்து உயிரணுக்களைச் சிதைக்க வல்லது. விண்வெளிக் கதிர்வீச்சாகிய இதனை, அங்கே செல்லும் மனிதன் எவ்வாறு அளக்கக் கற்றான் என்பதே நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

1912-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி ஏறக்குறைய 5,300 மீட்டர் உயரம் சென்றார். கதிர்வீச்சு மண்ணிலிருந்தே எழுவதாயின், மேலே செல்லச் செல்ல அது குறைய வேண்டும் அல்லவா? அவருடைய கருவியோ அது கூடுவதையே காட்டிற்று. வானிலிருந்தும் கதிர்கள் பொழிகின்றன என்பது அன்று புலனாயிற்று.

1958-இல் அமெரிக்கர் ஏவிய எக்ஸ்ப்ளோரர் 1 என்னும் துணைக்கோளில் வான் ஆலன் ஒரு கைகர் கருவியை வைத்திருந்தார். உயரமான சில இடங்களில் அது ஒன்றையும் எண்ணாமல் ஊமையாயிற்று. கதிர் இல்லாமையால் அன்று. எண்ண முடியாத அளவுக்கு மிகுந்தமையால் கருவி திணறிப்போயிற்று! பூமியின் காந்தப் புலம் சிறைப்பிடித்து வைத்துள்ள கதிர் வளையங்கள் இவ்வாறு வெளிப்பட்டன. மனிதர் செல்லும் கலங்கள் இவற்றுக்குக் கீழேதான் சுற்றுகின்றன. எனினும் பிரேசில் நாட்டை ஒட்டித் தென் அட்லாண்டிக் கடலின் மேல் உள்வளையம் தாழ்ந்திருக்கிறது. நாள்தோறும் பலமுறை அதனைக் கடந்தாக வேண்டும்.

தொடக்ககாலப் பயணிகள் புகைப்படப் படலத் துண்டுகளையும், கதிரின் தாக்கத்தைச் சேமித்து வைக்கும் பளிங்குத் தூளையும் உடையோடு வைத்துச் சென்றனர். பூமிக்குத் திரும்பிய பின்னரே ஆய்வுக்கூடத்தில் அவற்றின் கணக்கு தெரியும். ஊரில் உற்றார் நோயுற்ற செய்தி, நோய் தீர்ந்த பிறகு கடிதத்தில் வருவதைப் போன்றது இது. வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு அந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை.

1972-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சூரியனில் பெருங்கொந்தளிப்பு நிகழ்ந்தது. அப்பொல்லோ 16 ஏப்ரலில் திரும்பிவிட்டது. அப்பொல்லோ 17 டிசம்பரில்தான் புறப்பட்டது. விண்வெளியில் அப்போது மனிதர் எவரும் இல்லாதது நற்பேறே. அத்தகைய வேளையில், வீடு திரும்பிய பின் கிடைக்கும் கணக்கால் என்ன பயன்?

இக்குறையைத் தீர்க்க முன்வந்தது ஹங்கேரி என்னும் சிறிய நாடு. புடாபெஸ்ட் நகரத்து விஞ்ஞானிகள், கலத்திலேயே வைத்துப் படிக்கத்தக்க கருவியொன்றை அமைத்தனர். சிறு கண்ணாடிக் குமிழினுள் கால்சியம் சல்பேட் பளிங்கு இருக்கும். கதிரின் ஆற்றல் அதில் சேர்ந்து தங்கும். மின்சாரத்தால் சூடேற்றினால், தேங்கியது ஒளியாக வெளிவரும். ஒளியின் அளவே கதிரின் அளவு. படித்து முடித்ததும் பளிங்கு வெறுமையாகி, மறுபடியும் பயன்படும். 'பில்லே' என்று அதற்குப் பெயரிட்டனர். அவர்கள் மொழியில் பட்டாம்பூச்சி என்று பொருள். 1980-இல் சல்யூத் 6 நிலையத்துக்குச் சென்ற ஹங்கேரிய வீரர் பெர்த்தலான் ஃபார்க்கஷ் அதனைப் பயன்படுத்தினார். 1984-இல் அமெரிக்க விண்ணோடத்தில் சாலி ரைடும் அதனை எடுத்துச் சென்றார். இரு வல்லரசுகளும் முறைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரே அளவுகோல் இரு பக்கமும் சென்றது நமக்கு வியப்பாகவே உள்ளது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒருவர் ஒரு நாளில் பெறுவது ஏறக்குறைய அரை மில்லிசீவர்ட். நாம் நிலத்தில் இயற்கையாகப் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகும். அந்நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் 2003 முதல் பில்லே இடம்பெற்றது. குமிழ் ஒன்று கருவியிலேயே இருந்து, 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதாவது பூமியை ஒருமுறை சுற்றும் நேரத்துக்கு ஒருமுறை, தானாகவே கணக்குக் கொடுக்கும். வீரர் கலத்தைவிட்டு வெளியே செல்லும்போது ஒரு குமிழை உடைப் பையில் வைத்துக்கொள்வார். மற்றொன்று உள்ளேயே இருக்கும். திரும்பியதும் இரண்டையும் படித்து, கலத்தின் சுவருக்கு வெளியே கழிந்த அந்தச் சில மணி நேரத்தில் தம் உடல் எவ்வளவு கூடுதலாகப் பெற்றது என்பதை அவர் அப்போதே அறிந்துகொள்வார்.